மாதாவுக்கு நேர்ந்துவிட்ட தோல் கோட்டு

1

ஈஸ்டர் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, நான் பையை மேஜையில் வைப்பதற்குள் இயன் கேட்டுவிட்டான். "உன் கோட்டு எங்கே?"

இயன் எனக்கு எதிர் மேஜைக்காரன். ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்று ஒரு கடலோர ஊர். வீடு, பாலம், கோயில் எல்லாவற்றையும் சாம்பல் நிறக் கருங்கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நகராட்சியில், தெருவில் கார் நிறுத்த அனுமதி கொடுக்கும் பிரிவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து நாள் முழுக்க போனில் திட்டு வாங்குகிறோம். இயன் சிரித்துக்கொண்டே வாங்குவான். எனக்கு அது வராது. நான் புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூர் வாத்தியார் மகன். எதிராளி குரல் ஏறினால் எனக்கும் ஏறிவிடும்.

"வித்துட்டியா?"

"இல்ல."

"திருடு போச்சா?"

"அதெல்லாம் இல்லப்பா. என் மனைவி அதை மாதாவுக்குக் குடுத்துட்டா."

மாதாவை இவர்கள் பாஷையில் 'நம்ம சீமாட்டி' என்கிற மாதிரிதான் சொல்ல வேண்டும். சொன்னேன். இயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தச் சீமாட்டி?" என்றான். இவனிடம் எங்கே ஆரம்பிப்பது? நேர்ச்சை என்றால் என்ன, ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் எப்படி நேர்ந்துகொள்ள முடியும், ஆட்டோடும் கோழியோடும் சேர்த்து ஒரு கோட்டைக் கோயில் வாசலில் ஏன் ஏலம் விட வேண்டும்? போன் அடித்தது. நல்லவேளை என்று எடுத்தேன்.

உங்களிடம் சொல்வதில் அந்தத் தொல்லை இல்லை. நேர்ச்சையும் ஏலமும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே அதை ஜாக்கெட் என்பார்கள். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் பொம்பளைகள் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பது. அதனால் கோட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

2

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால், மார்கழியில் காலைப் பூசைக்குப் போகும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான் தெரியும். அபர்தீனில் இறங்கிய முதல் வாரமே பஞ்சு அடைத்த கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தலையணைக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் புஸ்ஸென்று காற்று இறங்கும். பக்கத்தில் இருக்கும் அம்மா திரும்பி என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஐயோ, அந்த மானக்கேட்டைச் சொல்லி மாளாது.

அப்புறம் ஒரு நாள் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பழுப்புத் தோல் கோட்டைப் பார்த்தேன். அந்தக் காலத்து விமானிகள் போட்ட தினுசு. காலரில் ஆட்டு ரோமம். நிஜத்தில் அது பழசு இல்லை, பழசு மாதிரி செய்தது. இந்த நாட்டில் பழசுக்குத் தனி மவுசு. புதுத் தோலைத் தேய்த்து, கசக்கி, முழங்கையில் நிறம் மங்கவைத்து, புதுசைவிடக் கூடுதல் விலை சொல்வார்கள். என் அண்ணன் அதே வேலையை அவன் சட்டைகளில் செய்து, எனக்குச் சும்மாவே கொடுத்தான்.

போட்டுப் பார்த்தேன். நல்ல கனம். யாரோ வேண்டியவர் பின்னால் வந்து தோளில் இரண்டு கையையும் வைத்த மாதிரி இருந்தது. வெளியே வந்தால் கடல் காற்று அதில் மோதி அப்படியே விலகிப் போகிறது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. அடுத்து, குறுக்கே ஜிப் ஓடும் மோட்டார் சைக்கிள்காரர் கோட்டு. அப்புறம் இடுப்போடு நிற்கும் தேன் நிறக் கோட்டு. அப்புறம் முழங்கால் வரை தொங்குவது ஒன்று. அலமாரி போதாமல் செலினுடைய பட்டுச்சேலைகள் பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கின.

செலின் என் மனைவி. அவளும் ஆவூர்தான். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பார்க்கிறாள்.

"ஒடம்பு ஒண்ணுதான இருக்கு? அதுக்கு எத்தனை தோலு?" என்பாள்.

மகள் மரியா இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது மாதிரி ஒரு வகுப்பு. கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "செத்த மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, காதில் எதையோ செருகிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இங்கிலீஷில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். சண்டைக்காவது வாயைத் திறக்கிறாளே என்று, நானே வேண்டுமென்றே அவள் முன்னால் கோட்டைப் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறேன். பெற்றவனுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பு.

3

போன அக்டோபரில் வாங்கியதுதான் வினையாகிவிட்டது. கறுப்பு என்று சொல்ல முடியாத கருநீலம். கழுத்தை ஒட்டி நிற்கும் பட்டைக் காலர். அதைப் போட்டால் என் தொப்பை எங்கே போகிறதென்றே தெரியாது. இயன்கூட எழுந்து நின்று ஒரு சுற்று பார்த்தான்.

ஒரே குறை, அது கடித்தது. காலர் ஓரமும் கை ஓரமும் விறைப்பாக இருந்து கழுத்தையும் மணிக்கட்டையும் அறுத்தன. புதுச் செருப்பு கடித்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? அப்பா தோல் செருப்பு வாங்கினால் உடனே காலில் போட மாட்டார். பழைய பனியனைக் கிழித்து, விளக்கெண்ணெயில் தோய்த்து, வார் எல்லாம் தடவி, வெயிலில் வைப்பார். மறுநாள் செருப்பு சொன்னபடி கேட்கும்.

எனக்கும் அந்த ஞானம்தானே? மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கினேன். கடைக்காரப் பெண் என் வயிற்றை நினைத்துப் பரிதாபப்பட்டது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து காலரின் உள்பக்கமும் கை ஓரமும் தாராளமாகத் தடவினேன். வெயிலுக்கு இங்கே எங்கே போவது? ஹீட்டர் மேல் போட்டேன். வீடே பிள்ளை பெற்ற வீடு மாதிரி எண்ணெய் வாடை அடித்தது. மரியா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். ஆனால் காலர் வழிக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

4

நவம்பரில் ஒரு நாள் குளிக்கும்போதுதான் கவனித்தேன். இரண்டு மணிக்கட்டிலும் சாம்பலும் நீலமுமாக ஒரு வளையம். கண்ணாடியில் பார்த்தால் கழுத்தைச் சுற்றியும் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் மங்கியது, போகவில்லை. செலினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முன்கையில் நீலம் நீலமாகக் கிளம்பியது. "எங்கயாச்சும் இடிச்சிருப்பேன்" என்றார். திருச்சியில் கொண்டுபோய்க் காட்டியபோது ரத்தத்தில் புற்று என்றார்கள். அடுத்த ஈஸ்டர் தேரைப் பார்க்க அவர் இல்லை.

இங்கே எங்கள் டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமைசாலி. என் தோலில் எது பிறவி நிறம், எது வந்த நிறம் என்று அவருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"எப்போது அதிகமாகத் தெரிகிறது?"

"காலையில கம்மி. வேலைவிட்டு வரும்போது அதிகம். ஞாயித்துக்கிழமை வீட்டிலயே கெடந்தா ரொம்பக் கம்மி" என்று அவருக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் சொன்னேன்.

"வெளியே குளிர் அதிகமாக இருக்கும் நாளில்?"

"அன்னிக்கு ரொம்பவே கூடுதல்."

அவர் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார். குளிருக்கும் ரத்தத்துக்கும் ஏதாவது ஒவ்வாமை இருக்கலாம், ரத்தத்தைச் சோதிப்போம், தோல் டாக்டரும் பார்க்கட்டும், ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அதுவரை குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

குளிர் படாமல்! நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? இருப்பதிலேயே கழுத்தை நன்றாக மூடுவது எது? அந்தக் கருநீலக் கோட்டுதான். தாடை வரை ஜிப்பை இழுத்துவிட்டு, கை ஓரங்களை உள்ளங்கை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில், ஆபீஸில், சில நாள் வீட்டுக்குள்ளும் அதோடு கிடந்தேன். நீலம் கீழே உள்ளங்கைக்கு இறங்கியது. மேலே தாடைக்கு ஏறியது.

5

அந்த மாதிரி ஒரு டிசம்பர் யாருக்கும் வர வேண்டாம். மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். ரத்தச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடிதம் வந்தது. "எல்லாஞ் சரியா இருந்தா எதுக்குத் தோல் டாக்டரு?" என்றாள் செலின். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்ததும் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பார்கள். எங்கள் ஆபீஸ் போனிலும் அதே வாசகம்தான், அதனால் அது எவ்வளவு பொய் என்று எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து செலினின் அண்ணன் அருள் தினமும் கூப்பிடுவார். ஆவூர்ப் பள்ளியில் வாத்தியார், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். "மாப்ள, கழுத்து கறுத்தா அது சுகருதான். நம்ம பக்கத்துல பாதிப்பேருக்கு இருக்கு. சோத்தக் கொறைங்க, சரியாப்போயிரும்" என்பார். பிறகு செலினிடம் கொடுக்கச் சொல்லித் தாழ்ந்த குரலில் வேறு ஏதோ பேசுவார்.

நான் பயந்துதான் போனேன். அதை ஒளிப்பானேன்? சாவதைவிட, இங்கே செத்தால் என்ன செய்வார்கள் என்கிற யோசனைதான் போட்டு வாட்டியது. செலின் ஒரு தடவை வாய்விட்டே கேட்டாள். "இந்தப் பனிக்குள்ள ஒங்களப் பொதச்சுட்டு நான் எங்கிட்டுப் போவேன்?" அப்புறம் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மாதாவே, என்ன பேசுறேன் நான்" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மரியா இப்போதெல்லாம் அறைக் கதவைத் திறந்தே வைத்தாள். ஒரு மத்தியானம் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதில் எதுவும் இல்லை.

"தாத்தாக்கு வலிச்சுச்சாப்பா?" என்று தமிழில் கேட்டாள்.

"ரொம்ப இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

6

ஜனவரியில் பனி கொட்டிப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு நாள், ஆஸ்பத்திரியில் இருந்து அவர்களே கூப்பிட்டார்கள். யாரோ வர முடியவில்லையாம், இடம் காலியாம், உடனே வர முடியுமா என்றார்கள். செலின் வேலையில் இருந்தாள். சமையல்கட்டில் போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். "நான் வாரேன்" என்று மரியா காலணியை மாட்டிக்கொண்டாள்.

போகிற வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பனியில் நான் வழுக்கி விழாமல் இருக்கத்தான் என்றாள்.

உள்ளே ஒரு வயதான நர்ஸ் என்னைப் படுக்கவைத்தார். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, கடுகு அளவு துணுக்கு எடுப்பார்கள் என்று விளக்கினார். டாக்டர் பக்கத்து அறையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்ல ஆரம்பித்தேன். ஊசிக்கு முன்னால் நர்ஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மணிக்கட்டை அழுத்தித் துடைத்தார்.

துடைத்தவர் நிறுத்திவிட்டார். இன்னொரு பஞ்சு எடுத்தார். இன்னொன்று. செபத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் கையில் இருந்த பஞ்சு இங்க் கொட்டிய மாதிரி கருநீலமாக இருந்தது. என் மணிக்கட்டில் ஒரு பட்டை மட்டும் நல்ல மாநிறமாக, என் அம்மா பெற்ற நிறத்தில் இருந்தது.

மரியா நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த என் கோட்டைப் பார்த்தாள். எழுந்து போய் அதன் காலரின் உள்பக்கத்தை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.

"அப்பா! சாயம்! சாயம் போகுதுப்பா!"

வீட்டில் துணி துவைக்கும்போது செலின் கத்துவாளே, சாயம் போகிற துணியைத் தனியா போடு என்று, அதே ராகத்தில் கத்தினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டர் ஓடி வந்தார். கோட்டில் ஏதாவது தடவினீர்களா என்றார். விளக்கெண்ணெய் என்றேன். ஏன் என்றார். கடித்தது என்றேன். நர்ஸ் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார், அவருடைய தோள் குலுங்கியது.

ஒரு டப்பா பஞ்சு தீர என்னைக் கழுத்தோடு துடைத்தெடுத்தார்கள். எண்ணெயில் ஊறிய சாயம் தினமும் வேர்வையோடு தோலில் இறங்கியிருக்கிறது, சோப்புக்கு அது அசையவில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவ்வளவுதான்! எனக்கு அந்த டாக்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து பனியில் நின்று, வாயைத் திறந்து மூச்சு விட்டேன். காற்று இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

7

முதியோர் இல்லத்து ஆபீஸ் நம்பருக்கே போன் போட்டுச் செலினைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்ல செலினு. சாயம். கோட்டோட சாயம். தொடச்சாப் போயிருச்சு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "நான் அந்தக் கோட்ட மாதாவுக்கு நேந்துட்டேங்க" என்றாள்.

"எந்தக் கோட்ட?"

"ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சத. ஈஸ்டருக்கு ஆவூருக்குக் கொண்டாந்து வச்சிர்றேன்னு சொல்லிட்டேன். இவரு கட்டிக்கிட்டு அழுகுற சாமான் அதுதான், அத எடுத்துக்கிட்டு ஆள விட்ருன்னு."

அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கோட்டென்ன, வீட்டையே கேட்டாலும் கொடுத்திருப்பேன். சரி என்றேன். ஒரு வாரம் போனதும் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. விளக்கெண்ணெயையும் சாயத்தையும் ஒரு தோல் கடைக்காரர் மருந்து போட்டு எடுத்து, கோட்டைப் புதுசாக்கிக் கொடுத்துவிட்டார். இனி சாயம் போகாது என்றார். போட்டுப் பார்த்தால் முன்னைவிட எடுப்பாக இருந்தது. "தேன் நெறத்தக் குடுத்தா என்ன? மாதாவுக்கு எல்லாம் ஒண்ணுதான?" என்று நைசாகக் கேட்டேன்.

"மாதாவ ஏமாத்துறீங்களா?"

இங்கே எங்கள் பங்குக் கோயிலில் ஒரு நைஜீரியா நாட்டுச் சாமியார் இருக்கிறார். பூசை முடிந்ததும் அவரைப் பிடித்து வழக்கை வைத்தேன். அவர் யோசித்து, நேர்ச்சை செய்தவரைத்தான் அது கட்டும், அடுத்தவர் பொருளை நேர்ந்தால் பொருளுக்கு உரியவரைக் கட்டாது என்று தெளிவாகத் தீர்ப்புச் சொன்னார். வெற்றியோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அவருக்கு ஆவூர் மாதாவப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் செலின். சட்டம் பேசி அவளிடம் ஜெயிக்க முடியுமா? டிக்கெட் போட்டோம்.

8

திருச்சி ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி கோட்டை உருவி எடுத்து, தூக்கிப் பிடித்து, என்னையும் வெளியே கொளுத்தும் வெயிலையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், இது எதுக்கு?"

"நேர்ச்சை சார்."

"ஆவூரா?"

"ஆமாங்க."

"போங்க." அவ்வளவுதான் விசாரணை. என் வாழ்க்கையில் ஓர் அரசாங்க அலுவலகம் என்னை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். மாத்தூர் ரோட்டில் வேன் திரும்பும்போது சொன்னேன், "பாத்தியா, ஒரே வார்த்தைதான்." மரியா ஜன்னல் வழியாகக் கருவைக் காட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒங்க ஆபீஸ்ல அவர வேலைக்குப் போடுங்கப்பா" என்றாள்.

தேர் முடிந்த மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு ஏலம். கோயில் வாசல் பந்தலில் மச்சான் அருள்தான் மைக் பிடித்தார். வாழைத்தார், பூசணி, தேங்காய், சேவல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். கோட்டை எடுத்ததும் ஒரு நொடி தடுமாறினார்.

"இந்தா... இது எங்க மாப்ள காணிக்கை. அசல் தோல் கோட்டு. சீமையில இருந்து வந்தது. யாரு கேக்குறீங்க?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. "வெயிலுக்கு நல்லா எதமா இருக்கும் சார், நீங்களே போட்டுக்கங்க!" என்றது ஒரு குரல். வேர்வை ஒழுக உட்கார்ந்திருந்த சனம் ஆளுக்கொரு கிண்டல் அடித்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. என்ன தோல், என்ன தையல், இவங்களுக்கு அருமை தெரியுதா? செலினைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் மாதா ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடுமே! என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்தது.

"சும்மாக் கேக்கலாம்யா, மாதா சாமான்!" என்று மச்சான் கெஞ்சாத குறை.

"நான் கேக்குறேன்" என்று பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு. கடற்கரைப் பக்கம் மீமிசலில் இருந்து குடும்பத்தோடு திருவிழாவுக்கு வந்தவர். "மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல எனக்கு வேலை. உள்ள போயி அடுக்கிட்டு வர்றதுக்குள்ள நெஞ்சு வெறச்சிப் போகுது. எனக்கு ஆவும்."

சிரிப்பு நின்றது. இந்த மாவட்டத்திலும் குளிரில் நிற்கிற ஓர் ஆள் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். சேவலை ஏலம் எடுத்த பெரியவர் வேடிக்கைக்கு ஏற்றிக் கேட்டார். மீமிசல்காரர் விடவில்லை. இன்னொருத்தர் ஏற்றினார். மீமிசல்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், அந்தம்மா தலையசைத்ததும் மறுபடி ஏற்றினார். நானே எழுந்து, "அவருக்கே விடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன். மரியாவும் எழுந்து நின்றிருந்தாள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." மச்சான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மூணு தரம்!"

கை தட்டினார்கள். மீமிசல்காரர் அங்கேயே அதைப் போட்டுக்கொண்டு ஜிப்பை இழுத்துவிட்டார். விசில் பறந்தது. தோள் அளவு அவருக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. செலினிடம் அதைச் சொல்லத் திரும்பினேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் வடிகிற அழுகை இல்லை. தோள் குலுங்க, தேம்பித் தேம்பி அழுதாள். மரியா பயந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"கோட்டுக்கா அழுகுற? விடு, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"கோட்டக் கொண்டுபோயிக் கடல்ல போடுங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்களுக்கு அங்க ஆஸ்பத்திரியில தொடச்சதோட முடிஞ்சுபோச்சு. நான்ல மாதாகிட்ட வாய்விட்டுக் கேட்டு வாங்கியிருக்கேன். சொன்னதக் குடுக்குற வரைக்கும் எப்பிடி நம்புறது? குடுத்தத எப்ப வேணாத் திரும்ப எடுத்துக்கிருவாங்களோன்னு..." மரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தாங்க எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."

நான் ஜனவரியிலேயே பிழைத்துவிட்டேன். அவளுக்கு நான் ஈஸ்டர் வரைக்கும் சாகக் கிடந்திருக்கிறேன். தினமும் காலையில் வாசலில் நிறுத்தி, "காலரு மடங்கியிருக்கு" என்று நேராக இருக்கும் காலரைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தாளே, அது காலருக்காக இல்லை. கழுத்தைப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அத்தனை ஊர்ச்சனத்துக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மைக்கில் மச்சான் ஓர் ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டார். அது வர மாட்டேன் என்று கத்தியது. கோயிலுக்குப் பின்னால் அசன விருந்துக்குக் குழம்பு கொதிக்கிற வாடை வந்தது. குளிர்காலம் முழுக்கத் தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனவள், மூக்கைச் சிந்திவிட்டு அங்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.